பந்தக்கால் முருங்கையும் புங்கமரமும்

பிரபு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் அத்தை உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்திருந்தபோது நான் வாயைத் திறந்து, கூடிவந்த கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்பது அவள் கட்சி. உன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், வாய்விட்டுச் சொல்லத்தான் இல்லை. என்ன நடந்தது என்று நானும் சொல்லப்போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வந்து, மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் மரத்து விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பெரிய கடிதம்தான். டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

மரத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. "முருங்கைய வெட்டிடுங்க, புங்கம் இருக்கட்டும்" என்று அப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாய், அவ்வளவுதான். தையில் கல்யாணம், அதற்குள் உனக்கும் நித்யாவுக்கும் வாசல் பக்கம் ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டிவிடலாம் என்று அப்பா மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு மரம் போய்டும்மா. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். கேட்டுக்கு இடப்பக்கம் புங்கம், வலப்பக்கம் கல்யாண முருங்கை. இரண்டில் ஒன்றுதான் நிற்கமுடியும். மரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, நீ சொன்னதுதான் சரி. ஆனால் நீ மரத்தை வைத்து அதைச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

நம் வீட்டு மண் எப்படிப்பட்டது என்று நீ மறந்திருக்கமாட்டாய். போர் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். துணி உலர்ந்தால் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஆம்பூரில் தோலை நம்பிப் பிழைக்கிறோம், அந்தத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போகும், நம் காலுக்கு அடியில்தான் போகும். வீடு கட்டிய புதிதில் நான் வைத்த தென்னை குருத்தோடு கருகியது. மாங்கன்று ஒரு கோடையைத் தாண்டவில்லை. கறிவேப்பிலை கூட வரவில்லை, இன்றைக்கும் கடையில்தான் கொசுறு கேட்டு வாங்குகிறேன். அப்போது அப்பா வேலை செய்த தோல் பதனிடுகிற ஷாப்பில், தோல் உலர்த்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் நின்றது. இங்கேயே நிற்கிற மரம் எங்கேயும் நிற்கும் என்று அதன் கீழே முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கிவந்தார். கொண்டுவந்ததோடு விட்டாரா என்றால் இல்லை. தோலிலிருந்து வழித்த ஆட்டு மயிர் நல்ல உரம் என்று யாரோ சொன்னார்களாம், ஒரு மூட்டை தூக்கிவந்து வேரில் கொட்டினார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. சுண்ணாம்பும் மருந்தும் போகக் கழுவாத பச்சை மயிர், அந்த வாரமே கன்று வெந்துபோயிற்று. "மக்கினதா பாத்துப் போட்ருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கன்று கொண்டுவந்தார். இந்த முறை நான் அவரைக் கிட்டவே விடவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைத் தவிர அதற்கு எதுவும் ஊற்றியதில்லை. நீ அப்போது நாலாவது படித்தாய். நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்த வருஷம்தான் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார முடிந்தது.

மெதுவாக வருகிற மரம்தான், ஆனால் நல்ல குணம். தை கடைசியில் இலை பழுக்க ஆரம்பிக்கும், மாசியில் ஒரேயடியாகக் கொட்டும், கூட்டிக் கூட்டி என் இடுப்பு விட்டுப்போகும். பார்க்கிறவர்கள் பட்டுப்போச்சா என்று கேட்பார்கள். பங்குனியில் வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று தளிர்விட்டு மூடிக்கொள்ளும். சித்திரை மத்தியானத்தில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறபோது நம் வாசலில் மட்டும் தனியாக ஒரு குளிர்ச்சி இருக்கும், கொரியர் கொடுக்க வருகிற பையன்கூட அங்கேதான் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் நிற்பான். முருங்கை அப்படி இல்லை. ஒரு கொம்பை ஒடித்து நட்டால் போதும், சரசரவென்று மாடி உயரம் போய்விடும். ஆனால் மார்கழியில் இலையைக் கொட்டிவிட்டு முள்ளும் கிளையுமாக நிற்க ஆரம்பிக்கும். மாசியில் அந்த மொட்டைக் கிளையில் ரத்தச் சிவப்பில் பூ வரும், மைனாவும் காக்காயும் கூடிக் கத்தும், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. இலை மட்டும் வராது. வெயில் மண்டையைப் பிளக்கிறபோது அதன் கீழே நின்றால் குச்சி குச்சியாக நிழல் விழும். ஒருவழியாகத் தழைக்கிறபோது ஆடிக் காற்று வந்து கிளையை முறித்துப்போடும். கட்டை வெறும் மெத்து, அடுப்புக்கும் ஆகாது. சளி பிடித்தால் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டலாம்.

ஆக இரண்டும் இலை உதிர்க்கிற மரம்தான். உதிர்ப்பது ஒரு குற்றம் இல்லை. நமக்குத் தேவைப்படுகிற மாதத்தில் இலையோடு நிற்கிறதா என்றுதான் வீட்டு மரத்துக்குப் பார்க்கவேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் யார் கேட்டாலும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமானால் புங்கம் வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி அந்த முருங்கை நம் வாசலுக்கு வந்ததைச் சொல்லவேண்டும். இது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் படி. உனக்கும் ரேவதிக்கும் கல்யாணம் வைத்தபோது அதுதான் பந்தக்கால். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, சுமங்கலிகள் பால் ஊற்றி நட்ட கொம்பு. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்ததும், நம் வழக்கப்படி அதை எடுத்து வலப்பக்க மூலையில் நட்டு, நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினீர்கள். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும், காய்ந்தால் ஆகாது என்பார்கள். காய்ந்துபோன வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நம் வீட்டில் துளிர்த்தது. மாதம் முடிவதற்குள் கணுவுக்குக் கணு பச்சை. உன் அத்தை பேர்ணாம்பட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னா ராசி பாருங்க அண்ணி, இந்த உப்பு மண்ணுல எப்படிப் புடிச்சுக்கினு வந்துட்டுது" என்று கொம்புக்கே திருஷ்டி கழித்தாள். எதிர் வீட்டு பாத்திமாகூட வந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரேவதியை உனக்குப் பார்த்தது நான்தான். ஷூ கம்பெனியில் என் லைனில் ஷூவின் மேல்பாகம், அப்பர், தைத்தவள், குடியாத்தத்துப் பெண். மிஷினில் உட்கார்ந்தால் நிமிரமாட்டாள், சாப்பாட்டு நேரத்தில் வாய் ஓயாது, ஹால் முழுக்க அவள் சிரிப்புதான் கேட்கும். உன்னை மாதிரி வாயில்லாத பிள்ளைக்கு இப்படி ஒருத்தி வந்தால் வீடு வீடாக இருக்கும் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவேண்டாம் என்று அப்பாவும் அத்தையும் சொன்னார்கள், நானும் சரி என்றேன், நீ எதுவும் சொல்லவில்லை. காலையில் நான் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவேன். நீ ஒரகடத்தில் வேலையில் இருந்தாய். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாய், சாப்பிடுவாய், போனைப் பார்ப்பாய், தூங்குவாய், ஞாயிறு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாய். நடுவில் அவள் ஏதாவது கேட்டால் "ம்" என்பாய். உன் அப்பாவும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது. ஆனால் எனக்கு ஒரு பஸ் நிறைய பெண்கள் இருந்தார்கள், ஒரு லைன் முழுக்கத் தோழிகள் இருந்தார்கள். வீட்டில் கிடைக்காத பேச்சை அங்கே பேசித் தீர்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்கும் அந்த லைன் இருந்தது, அதை நாம்தான் வேண்டாம் என்று நிறுத்தினோம்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அவள் அந்த மூலையில் செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டு முருங்கைத் தளிரைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா இது, தளிரைப் போய் கிள்றே?" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அத்தை, அவருக்கு என்னைப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அதான் கேக்கறேன். ரெண்டு வாரமா ஒரு போனு இல்ல. வந்தாலும் மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டேங்கறாரு. கோவம்னா திட்டச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன். சும்மா இருந்தா நான் இன்னான்னு நெனைக்கறது?"

அந்த நிமிஷம் உனக்கு போன் போட்டு அவள் கையில் கொடுத்திருக்கலாம். மறுநாள் காலையில் அவளை என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "பைத்தியமாடி நீ? பந்தக்கால் எப்படித் தழைச்சிருக்குது பாரு. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?" அவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி அத்தை" என்று எழுந்துபோய் இட்லிக்கு மாவாட்டினாள்.

நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். அவள் அம்மா போன் செய்து, "பொண்ணு குரலே சரியில்லையே சம்மந்தி" என்றபோது, உன் அப்பா அந்த மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவர்களும் அதைப் பார்த்து சமாதானம் ஆனார்கள். ஆடிக்கு அவளை அழைத்துப்போக வந்தார்கள், புடவை, பழம், வெற்றிலை எல்லாம் முறைப்படி வைத்து அனுப்பினோம். ஆவணி பிறந்தது, அவள் வரவில்லை. புரட்டாசியில் நானும் அப்பாவும் குடியாத்தம் போனோம். அவளே வெளியே வந்து தண்ணீர் கொடுத்தாள். "உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல அத்தை. அந்த வீட்ல எனக்குப் பேச ஆளில்ல. நான் வேலைக்குப் போறேன்" என்றாள். குடி இல்லை, அடி இல்லை, சண்டைகூட இல்லை. பெரியவர்களை வைத்துப் பேசினார்கள், நீ அங்கேயும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசியில் கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பஸ் ஏறினீர்கள்.

மரம் பாட்டுக்கு வளர்ந்தது. அவள் போன அடுத்த வருஷம்தான் மாடியைத் தொட்டது. "பொண்ணு போய்ட்டா, இது மட்டும் இன்னாத்துக்கு நிக்குது? வெட்டிப் போடுங்க அண்ணி, பேஜாரு" என்றாள் உன் அத்தை. ராசி என்று திருஷ்டி கழித்தவளும் இவள்தான். எனக்கும் அதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் வந்தது. பட்டுப்போகட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அது இன்னும் செழிப்பாக வந்தது. ஒரு நாள் அதன் அடியில் கூட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், பாத்ரூம் தண்ணீர் போகிற பைப்புக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறோம். வேலிக்காக ஒடித்து நட்டாலும் துளிர்க்கிற கொம்பு, பக்கத்தில் ஈரம் வேறு, அது துளிர்க்காமல் என்ன செய்யும்? அதற்கு உன்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. ஒரு கொம்பைப் பார்த்துப் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டு, கேட்கவேண்டிய மனுஷியை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நித்யாவும் அவள் அப்பா அம்மாவும் வீடு பார்க்க கலவை ஊரிலிருந்து வந்தார்கள். உனக்கு டூட்டி, நீ வரவில்லை. மழை விட்டிருந்ததால் புங்கத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டு காபி கொடுத்தோம். நல்ல மனுஷர்கள், நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம், பெண்ணை நர்ஸிங் படிக்கவைத்து வேலூரில் வேலைக்கு அனுப்புகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேக்கறனேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. மொதல்ல கட்டின பொண்ணுக்கு மூளை கொஞ்சம் சரியில்லன்னு சொன்னாங்க. இப்ப எப்படி இருக்குதாம்?" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் அத்தை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டைப் பார்த்தார். இத்தனை மாதமாக நம் பக்கத்திலிருந்து இதைச் சொல்லித்தான் பெண் கேட்டிருக்கிறார்கள், பிரபு. உனக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே நான் நம்புகிறேன்.

நான் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் ரேவதி திரும்பவும் அதே லைனுக்கு வந்து எனக்கு நாலு மிஷின் தள்ளி உட்கார்ந்து தைத்தாள். ஒரு நாள்கூட உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. முட்டி தேய்ந்து நடக்கமுடியாமல் நான் நின்ற கடைசி நாளில், என் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்து, பஸ் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிவந்தவள் அவள். நாளைக்கு அவளுக்கும் ஒரு இடம் பார்ப்பார்கள். கலவைக்கும் குடியாத்தத்துக்கும் என்ன பெரிய தூரம், ஒரு கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அவளை யார் கட்டுவார்கள்?

சொல்லிவிட்டேன். "அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்க. அது தங்கமான பொண்ணு, எங்கூட வேலை செஞ்ச பொண்ணு, எனக்குத் தெரியும். எம் புள்ள அதுகிட்ட பேசல. ஏன் பேசலன்னு நாங்களும் கேக்கல. அதான் அது போய்ட்டுது. வேற யாரு இன்னா சொல்லியிருந்தாலும் அது பொய்யிங்க." அப்பா "ஏய்" என்றார். அத்தை "அண்ணி, இன்னா பேசறீங்க நீங்க" என்று எழுந்தேவிட்டாள். நித்யாவின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க ஊருக்குப் போய்ட்டு போன் பண்றோங்க" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நித்யா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அதுவரைக்கும் அவள் பேசவே இல்லை. முருங்கையைக் காட்டி, "அது அவங்க கல்யாணத்துல நட்டதா?" என்றாள். ஆமாம் என்றேன். "வெட்டப்போறீங்களா?" என்றாள். "ரூம் கட்டணும்மா, ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும். அதுல வெயில் காலத்துல நெழலு இல்ல" என்றேன். "நெழலு இல்லன்னா எடுங்க. எனக்கோசரம் எடுக்காதீங்க" என்றாள். அப்புறம் எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எங்கிட்டயாவது பேசுவாருங்களாம்மா?" என்று கேட்டாள். பேசுவான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெற்றவள் அதைத்தானே சொல்லவேண்டும். ஆனால் அதே மாதிரி ஒரு பெண்ணுக்கு நான் ஏற்கெனவே ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். "தெரியலம்மா" என்றேன். "ஒரகடத்துல அவரு ரூம் எங்க இருக்குது?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஆகையால் மரத்து முடிவு இது. ரூம் கட்டினால் முருங்கை போகட்டும். சித்திரையில் நிழல் தராது என்பதற்காகப் போகட்டும், ரேவதி தண்ணீர் ஊற்றியது என்பதற்காக இல்லை. இதை அத்தையிடமும் நேராகவே சொல்லிவிட்டேன், அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. தையில் கல்யாணம் நடந்தால் பந்தக்கால் நடுவோம், வழக்கத்தை விடச்சொல்ல நான் யார். பந்தல் பிரித்தபிறகு அந்தக் கொம்பை எங்கே வேண்டுமானாலும் நடுங்கள். துளிர்த்ததா என்று நான் போய்ப் பார்க்கமாட்டேன். கல்யாணம் ஆகி அவள் இங்கேயும் நீ அங்கேயுமாக இருப்பது என்றால் மட்டும் அந்த ரூமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வேலூரிலோ ஒரகடத்திலோ இரண்டு பேருமாக ஒரு வீடு பாருங்கள், பாத்திரம் நான் தருகிறேன்.

சின்ன வயதில் நீ ஒருமுறை ஸ்கூல் கிரவுண்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தாய். யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் சோறு போட்டதும் இடது கையால் சாப்பிட்டாய். என்ன பழக்கம் இது என்று நான் உன்னைத் திட்டினேன், அப்போதும் நீ சொல்லவில்லை. தண்ணீர் எடுக்க எட்டினபோது மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்து அலறிக்கொண்டு உன்னை வேலூருக்குத் தூக்கிப்போனோம். கட்டுப்போட்ட டாக்டர், "இவ்ளோ வலிய எப்படிடா தாங்கினே?" என்று உன் முதுகில் தட்டினார், எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் சொன்னோம், எங்கள் பிள்ளை வலித்தாலும் வாய்திறக்கமாட்டான் என்று. அதைப் போய்ப் பெருமை என்று நினைத்திருந்தோம்.

நேற்று நித்யா எனக்கு போன் செய்தாள். அவள் அப்பா இந்த இடமே வேண்டாம் என்கிறாராம், அம்மா இரண்டு மனசாக இருக்கிறாராம். "நான் ஒருதரம் நேர்ல பாத்துப் பேசிட்டு வந்து சொல்றேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஒரகடம் வருகிறாள். அன்றைக்கு டூட்டி என்று சொல்லாதே, மாற்றிக்கொள். அவள் ரேவதியைப் பற்றிக் கேட்பாள், கேட்கத்தான் வருகிறாள்.

நீ ஏன் ரேவதியோடு பேசவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மனசில் வேறு யாராவது இருந்தார்களா, கல்யாணமே பிடிக்கவில்லையா, உன்னைக் கேட்காமல் நானே பார்த்து முடித்தேன் என்ற கோபமா, இல்லை அப்பாவைப் போல உனக்கும் பேச வராமல்தான் போயிற்றா. எதுவாக இருந்தாலும் நீ என் பிள்ளை, அதில் எனக்கு ஒரு குறையும் வராது. என்னிடம் சொல்லவேண்டாம். உன்னைத் தேடி வந்து நிற்கப்போகிறவளிடம் சொல். இந்தக் கல்யாணம் உனக்கு வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். வேண்டாம் என்றால் அதையும் உன் வாயால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிடு. அப்பாவுக்கும் அத்தைக்கும் மண்டபத்துக்காரனுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா